கையில் இருப்பது கொஞ்சம்: முதலில் லிஃப்ட்டா, டயரா, வின்ச்சா?

ஜனவரி 9 (கேள்வி)

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கியிருக்கிறேன். லேடர் சேஸிஸ் (ஏணி மாதிரி அடிச்சட்டம்), முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய இரும்புப் பட்டைகள்), லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் கியர்) உண்டு. மிச்சமிருக்கும் பணத்தில் பெரிதாக ஒன்றுதான் செய்ய முடியும். இரண்டு அங்குல லிஃப்ட் கிட் போட முடிவு செய்துவிட்டேன். வண்டி உயர்ந்துவிட்டால் அடியில் எதுவும் தட்டாது அல்லவா? டயரும் வின்ச்சும் (மாட்டிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் மோட்டார்) அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். சரிதானே அண்ணா?

ஜனவரி 9, இரவு

லிஃப்ட் வேண்டாம் தம்பி. இப்போதைக்கு வேண்டாம்.

வண்டிக்கு அடியில் குனிந்து பார். பின் ஆக்சிலின் நடுவில் சின்னக் குடம் மாதிரி ஒன்று தொங்கும். அதுதான் டிஃபரன்ஷியல், எஞ்சின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துத் தருவது. உன் வண்டியில் டயரை விட்டால் தரைக்கு மிக அருகில் இருப்பது அதுதான். லிஃப்ட் கிட் ஸ்பிரிங்குக்கு மேலே இருப்பதைத்தான் தூக்கும். குடம் இருந்த இடத்திலேயே இருக்கும். இன்றைக்கு அதில் தட்டும் கல் லிஃப்ட் போட்ட பிறகும் தட்டும். ஆக்சிலைத் தூக்க வேண்டுமென்றால் பெரிய டயர்தான் வழி. சக்கர மையத்துக்கு மேலே உட்காரும் போர்ட்டல் ஆக்சில் என்று ஒன்று உண்டு, அது நம் கைக்கு எட்டாது.

இன்னொன்று. கிட்டின் விலையை மட்டும் கணக்கில் எடுத்திருப்பாய். உயர்த்திய பிறகு ஷாக் அப்சார்பர் நீளம் போதாது, பிரேக் ஹோஸ் இழுபடும், எஞ்சின் விசையை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி அதிர ஆரம்பிக்கும். ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பணம் வேண்டும்.

ஜனவரி 11

ஒரு திருத்தம். முதல் குறிப்பைப் படித்தால் பெரிய டயர் வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று தோன்றுகிறது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

215/75 ஆர்15 டயரை எடுத்துக்கொள். அகலம் 215 மி.மீ., பக்கச்சுவர் அதில் 75 சதவீதம், அதாவது 161.25. மேலும் கீழும் சேர்த்து 322.5. ரிம் 15 அங்குலம், அதாவது 381. மொத்தம் 703.5 மி.மீ. இதே கணக்கை 235/75 ஆர்15-க்குப் போட்டால் 733.5 வரும். வித்தியாசம் 30 மி.மீ. ஆனால் ஆக்சில் இருப்பது நடுவில், அதனால் டிஃபரன்ஷியலுக்குக் கிடைப்பது பாதிதான்: 15 மி.மீ. கட்டைவிரல் அகலம்கூட இல்லை. அதற்கு விலையாக கியர் விகிதம் நாலு சதவீதம் கனத்து, இழுவை அந்த அளவு குறையும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் 62.5 போய்க்கொண்டிருப்பாய். பிரேக்குக்கும் வேலை கூடும்.

ஆகவே அளவைப் பெரிதாக்காதே. கம்பெனி சொன்ன அளவிலேயே எல்லா வகைத் தரைக்குமான நல்ல ஆல்டெரெய்ன் டயர் போதும். அப்புறம் காற்று. காற்றைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், அதுதான் என்னை மாற்றிய விஷயம்.

ஜனவரி 12

நானும் மாணவனாக இருந்தபோதுதான் முதல் வண்டி வாங்கினேன். ஒரு வறண்ட ஆற்று மணலில் இறங்கி மாட்டிக்கொண்டேன். மதியத்திலிருந்து வெட்டினேன். சக்கரத்துக்கு முன்னால் மணலை அள்ளுவேன், ஏறி ஆக்சிலேட்டரை மிதிப்பேன், இன்னும் ஒரு சாண் புதையும். பொழுது சாயும் நேரத்தில் இன்னொரு வண்டிக்காரர் வந்தார். கயிறு எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் குனிந்து வால்வு மூடியைக் கழற்றி, ஒரு குச்சியால் பின்னை அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாலு டயரிலும் காற்றைப் பாதியாகக் குறைத்தார். "ரெண்டாவது கியர், லோ ரேஞ்ச், மெதுவா விடு" என்றார். வண்டி நடந்து வெளியே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஏன் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மிச்சமிருந்த சுவர்ப் பெயின்ட்டை டயரில் பூசி, அடியில் அட்டையை வைத்து இறக்கினேன். 32 பி.எஸ்.ஐ.-யில் ஒரு தடம், 16-இல் ஒரு தடம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். அகலம் ஏறக்குறைய மாறவே இல்லை. நீளம் மூன்று விரற்கடைக்கு மேல் கூடியிருந்தது. அதுவரை காற்றைக் குறைத்தால் டயர் பக்கவாட்டில் அகலும், அதனால்தான் பிடிக்கிறது என்று நினைத்திருந்தேன். உண்மையில் தடம் முன்னும் பின்னும் நீள்கிறது. அதே எடை பெரிய பரப்பில் பரவுவதால் மணலில் இறங்குவது குறைகிறது. கல்லில் என்றால் டயர் கல்லைச் சுற்றி மடிந்து பிடிக்கிறது.

இதற்குத் தேவை ஒரு நல்ல காற்றழுத்த மானியும் 12 வோல்ட் கம்ப்ரஸரும். லிஃப்ட் கிட்டின் விலையில் ஒரு மூலைக்குக்கூட வராது.

ஜனவரி 12, சற்று நேரம் கழித்து

16 என்று எழுதியதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். வண்டியின் எடையைப் பொறுத்து மாறும். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எண்ணிலிருந்து தொடங்கு. கரடுமுரடான மண் பாதைக்கு அதில் கால் பங்கைக் குறை. மணலுக்குப் பாதிவரை போகலாம். சாதாரண ரிம்மில் 12-க்குக் கீழே போனால், திருப்பும்போது டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவிவிடும். அப்புறம் காட்டில் உட்கார்ந்து அதை மறுபடி ஏற்றுவது பெரிய பாடு.

தார் சாலை வந்ததும் நிறுத்திக் காற்றை நிரப்பு. குறைந்த காற்றில் வேகமாகப் போனால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி டயர் உள்ளுக்குள்ளேயே கெட்டுவிடும்.

ஜனவரி 13

எந்த கம்ப்ரஸர் என்று கேட்டிருக்கிறாய். சிகரெட் லைட்டர் துளையில் செருகுவதை வாங்காதே. அந்தத் துளைக்கு ஃபியூஸ் 10 அல்லது 15 ஆம்பியர்தான், அதற்குள் ஓடும் சின்ன மோட்டார் நாலு டயருக்குள் சூடாகி நின்றுவிடும். பேட்டரியில் நேராகக் கிளிப் போடுவதை வாங்கு. எஞ்சினை ஓடவிட்டு நிரப்பு.

ஜனவரி 15

வின்ச் பற்றி இன்னொருவர் எழுதியிருந்தார், தனியாகப் போகிறவனுக்கு அதுதான் உயிர் என்று. அவர் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் கேட்பவர் மாணவர். வின்ச்சின் இழுவை வண்டியின் முழுச் சுமை எடையில் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். ஒன்றரை டன் வண்டிக்கு 2250 கிலோ. வின்ச்சில் எழுதியிருக்கும் எண் டிரம்மில் அடி அடுக்குக் கயிறு மட்டும் மிஞ்சியிருக்கும்போது கிடைக்கும் இழுவை. மேலே கயிறு சுற்றியிருக்கச் சுற்றியிருக்க இழுவை குறையும். அதைத் தாங்கும் பம்பர் வேண்டும், நல்ல பேட்டரி வேண்டும், பூட்டுவதற்கு ஒரு மரமோ பாறையோ எதிரில் இருக்க வேண்டும். முன்பக்கம் முப்பது நாற்பது கிலோ கூடினால் பழைய லீஃப் ஸ்பிரிங் தொங்கிவிடும். பிறகு அதற்கும் செலவு.

முதல் வருடத்துக்கு ஒரு மண்வெட்டி, ஒரு கைனெட்டிக் கயிறு (நீண்டு இழுக்கும் மீட்புக் கயிறு), முத்திரை குத்திய இரண்டு ஷாக்கிள் (கயிற்றை மாட்டும் இரும்பு வளையம்), கூட வரும் இன்னொரு வண்டி. இவ்வளவு போதும்.

இங்கே கொஞ்சம் நிறுத்திப் படி. கயிற்றை எங்கே மாட்டுகிறாய் என்பதில்தான் ஆட்கள் சாகிறார்கள். டிரெய்லர் இழுக்கும் பந்தில் ஒருநாளும் மாட்டாதே. அந்தப் பந்து சீராக இழுக்கும் சுமைக்குச் செய்தது, வெட்டி இழுப்பதற்கு இல்லை. கைனெட்டிக் நைலான் கயிறு முப்பது சதவீதம்வரை நீளும். நீளும்போது இரண்டு வண்டிகளின் வேகத்தையும் உள்ளே சேர்த்து வைத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் பந்து முறிந்தால் அது கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். வண்டிக்கடியில் இருக்கும் மெல்லிய வளையங்களும் வேண்டாம். அவை வண்டியை லாரியில் ஏற்றும்போது கட்டுவதற்கானவை.

ஒருமுறை நான் நின்ற இடத்திலிருந்து இருபது அடி தள்ளி ஒரு கொக்கி பறந்தது. பாத்திரம் விழுந்தது போல ஒரு சத்தம். கொக்கி போன திசையில் இருந்த புதரில் ஆளுயரத்தில் ஒரு கிளை வெட்டுப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. சற்று முன்னால் அங்கே நின்று ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு, சேஸிஸில் உயர்தர போல்ட் போட்டு இறுக்கிய சரியான இழுவைக் கொக்கி இல்லாத வண்டியை நான் இழுப்பதில்லை. எவ்வளவு கெஞ்சினாலும் மண்ணை வெட்டித்தான் எடுப்பேன்.

ஷாக்கிளில் தாங்கும் எடை புடைப்பெழுத்தில் இருக்கும். 19 மி.மீ. ஷாக்கிளில் 4.75 டன் என்று இருக்க வேண்டும். ஒன்றும் எழுதாத ஷாக்கிள் என்றால் கடையிலேயே வைத்துவிடு. கயிற்றின் நடுவில் ஒரு கனத்த போர்வையைப் போடு. எல்லோரும் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கட்டும்.

ஜனவரி 19

யாரும் சொல்லாத ஒன்று: பிரீதர்.

ஆக்சிலின் மேல் ஒரு சின்ன மூடி இருக்கும், சுண்டுவிரல் நுனி அளவுக்கு. ஓடும்போது உள்ளே ஆயில் சூடாகி, காற்று விரிந்து அதன் வழியாக வெளியேறும். சூடான ஆக்சிலைக் குளிர்ந்த ஓடையில் இறக்கினால் உள்ளே காற்று சட்டென்று சுருங்கும், ஆக்சில் மூச்சை இழுக்கும். மூடி சேற்றால் அடைத்திருந்தால் இழுப்பது எங்கிருந்து? ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும்.

என் வண்டியில் அதுதான் நடந்திருந்தது. முழங்கால் ஆழ ஓடையைத்தான் கடந்திருந்தேன், பெருமையாக வேறு இருந்தேன். இரண்டு மாதம் கழித்து டிரெயின் பிளக்கைத் திறந்தபோது முதலில் கொஞ்சம் தெளிந்த தண்ணீர் வந்தது. பின்னால் ஆயில் வர வேண்டிய இடத்தில் பால் கலந்தது போல வெளிறிய குழம்பு வழிந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தால் வழவழப்பே இல்லை. மேலே மூடியைத் துடைத்துப் பார்த்தேன், காய்ந்த களிமண் சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. அந்த பேரிங் கொஞ்ச நாளில் ஊளையிட ஆரம்பித்தது.

செய்ய வேண்டியது இதுதான். மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் ஆயிலுக்கும் சூட்டுக்கும் தாங்கும் ரப்பர் ஹோஸை மாட்டி, எஞ்சின் அறையின் உயரமான மூலைவரை கொண்டுபோய்க் கட்டிவிடு. முனையில் ஒரு சின்ன ஃபில்டர். ஆக்சில் மேலும் கீழும் ஆடும், அதனால் ஹோஸில் கொஞ்சம் தொய்வு விடு. முன் ஆக்சில், பின் ஆக்சில், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி), நாலுக்கும் சேர்த்து அரை நாள் வேலை. இதைவிட மலிவான அப்கிரேடு எனக்குத் தெரியாது.

ஜனவரி 20

எஞ்சின் காற்று வாங்கும் வாயை உயரத்துக்குத் தூக்கும் ஸ்னார்க்கல் முதலில் வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளையும், அதோடு எஞ்சின் செலவு. அதனால் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அவ்வளவு ஆழத்தில் நீ இறங்கப் போவதில்லை, பிரீதர் சரியில்லாமல் இறங்கவும் கூடாது. முதலில் ஏர் ஃபில்டர் பெட்டி காற்றை எங்கிருந்து இழுக்கிறது என்று கண்டுபிடி. பல வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் பின்னாலேயே அந்த வாய் இருக்கும். தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்து, மனத்தில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்.

ஜனவரி 27

இன்று லாக்கர். ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். தொங்கும் சக்கரத்தைச் சுற்ற எவ்வளவு போதுமோ அவ்வளவுதான் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும். அதாவது ஒன்றுமில்லை. லாக்கர் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அருமையான பொருள், விலையும் அப்படியே.

காசில்லாமல் ஒரு வழி உண்டு. ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் இழுத்து வைத்து மெதுவாக ஆக்சிலேட்டர் கொடு. சுற்றும் சக்கரத்துக்குப் பிரேக்கின் எதிர்ப்பு கிடைப்பதால், மறுபக்கமும் அதே அளவு விசை போகும். சின்னப் பள்ளங்களில் என்னை இது பல தடவை ஏற்றிவிட்டிருக்கிறது.

உன் வண்டியில் முன் சக்கர நடுவில் திருப்பும் ஹப் இருக்கிறதா பார். இருந்தால் பாதையில் இறங்குமுன் இரண்டையும் கையால் லாக் செய்ய வேண்டும், அப்போதுதான் முன் சக்கரம் ஆக்சிலோடு சேரும். நான் ஒருமுறை வலது ஹப்பை மறந்துவிட்டு, முன் சக்கரம் ஏன் இழுக்கவில்லை என்று ஒரு மணி நேரம் டிரான்ஸ்ஃபர் கேஸைச் சந்தேகித்தேன். இந்த ஹப்புக்கு வயது அதிகம். ஆர்தர் வார்ன் 1948-இல் போரில் மிஞ்சிய ஜீப்புகளுக்காகச் செய்ததுதான் அது. சாலையில் ஓடும்போது முன் ஆக்சில் வீணாகச் சுற்றாமல் இருக்க. வார்ன் என்ற பெயரை இன்றைக்கு எல்லோரும் வின்ச்சில்தான் பார்க்கிறோம்.

பிப்ரவரி 2

மேலே ஹேண்ட் பிரேக் பற்றி எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். சில பழைய வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களில் இருக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் ஒரு டிரம்மாக இருக்கும். அந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் போட்டால் ஷாஃப்ட்டையே பிடித்துக்கொள்ளும், இரண்டு சக்கரத்துக்கும் இடையில் ஒன்றும் மாறாது, வீணாக எஞ்சினோடு மல்லுக்கட்டுவாய். அப்படிப்பட்ட வண்டியில் இடது காலால் பிரேக் பெடலை லேசாக அழுத்திப் பார். படித்துவிட்டு யாராவது முயன்றிருந்தால் மன்னிக்கவும்.

பிப்ரவரி 10

பழைய டயர் வாங்கலாமா? வாங்கலாம், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பட்டன் (டயரின் மேல் உள்ள பள்ளம்) ஆழத்தைப் பார்ப்பதற்கு முன் பக்கச்சுவரில் டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நாலு எண்களைப் பார். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது. பத்து வருடமான டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். விரல் நகத்தை அழுத்திப் பார், கொஞ்சம்கூட உள்வாங்கவில்லை என்றால் வேண்டாம். பக்கச்சுவரை வளைத்து மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று தேடு. பக்கச்சுவரில் பஞ்சர் ஒட்டியது இருந்தால் எடுக்காதே, அந்த இடம் ஒட்டு நிற்கும் இடமில்லை.

நாலும் ஒரே அளவில் இருக்க வேண்டும், ஸ்டெப்னியும் அதே அளவு. முன்னும் பின்னும் அளவு வேறுபட்டால், ஃபோர் வீலில் போடும்போது இரண்டு ஆக்சிலும் வெவ்வேறு வேகத்தில் சுற்றப் பார்க்கும். நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத உன் வகை வண்டியில் அந்த முறுக்கு முழுக்க கியரில் ஏறும். தார் சாலையில் ஃபோர் வீலில் ஓட்டக்கூடாது என்பதற்கும் இதே காரணம்தான்.

சேற்றுக்கென்றே செய்த மட் டயர் ஆசை எனக்கும் இருந்தது. வாங்கினேன். சேற்றில் அற்புதம், அதில் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் கல்லூரிக்கும் வேலைக்கும் அதே வண்டிதான். மழையில் நனைந்த தாரில் பிரேக் பிடித்தபோது வண்டி நான் நினைத்த இடத்தைத் தாண்டி நின்றது. எட்டே மாதத்தில் விற்றுவிட்டேன். நாலு சக்கரமும் சேற்றிலேயே கிடப்பவனுக்குத்தான் மட் டயர்.

பிப்ரவரி 18

லிஃப்ட் வேண்டாம் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். நேற்று ஒரு வரப்பைத் தாண்டும்போது வண்டியின் வயிறு மேட்டில் உட்கார்ந்து, முன்னும் பின்னும் சக்கரங்கள் தளர்ந்துவிட்டன. இரண்டு அங்குலம் உயரமான நண்பரின் வண்டி எனக்கு முன்னால் தொடாமல் போயிருந்தது. டிஃபரன்ஷியலுக்கு லிஃப்ட் உதவாது என்பதில் மாற்றமில்லை. ஆனால் வயிற்றுக்கும், முன் மூக்குக்கும், பின் பம்பருக்கும் அது நிச்சயமாக உதவுகிறது. அதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் வண்டி இப்போது நிற்பது அதன் சொந்த உயரத்தில்தானா? சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்திலும் ஹப்பின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்புவரை அளந்து எழுது. பழைய லீஃப் ஸ்பிரிங் தொங்கியிருக்கும், அதுவும் ஓட்டுநர் பக்கம் கூடுதலாக. கம்பெனி உயரத்துக்குத் திரும்பவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் கிடைக்கலாம். அதற்கு கிட் தேவையில்லை, ஸ்பிரிங் வேலை செய்பவரிடம் வளைவு ஏற்றித்தரச் சொன்னாலோ ஒரு பட்டை சேர்த்தாலோ போதும்.

ஸ்பிரிங் ஷாக்கிளை (கயிற்று ஷாக்கிள் இல்லை, ஸ்பிரிங் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் பட்டை) நீளமாக்கும் மலிவு வழி வேண்டாம். முன் ஸ்பிரிங்கின் ஷாக்கிள் முன்முனையில் இருக்கும் வண்டியில் அப்படிச் செய்தால் ஆக்சில் முன்னால் சாய்ந்து, ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வான காஸ்டர் கோணம் குறையும். திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, வேகத்தில் அலையும்.

பிப்ரவரி 24

அளவுகளைப் பார்த்தேன். வலது பின்பக்கம் இடதைவிட 22 மி.மீ. கீழே இருக்கிறது. ஸ்பிரிங் மட்டும் இல்லை, அதன் முனையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷும் போயிருக்கும். கடப்பாரையை ஸ்பிரிங் கண்ணுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் வைத்து நெம்பு. கடகடவென்று ஆடினால் புஷ் மாற்று. ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிந்து தூசி அப்பியிருந்தால் அதுவும். லிஃப்ட்டுக்கு வைத்திருந்த பணத்தில் இதெல்லாம் முடிந்து, கயிறும் கம்ப்ரஸரும் வந்து, டயருக்கும் ஓரளவு மிஞ்சும் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 16

டயர் கிடைத்துவிட்டது என்று படம் போட்டிருக்கிறாய். 0822, நாலும் ஒரே வாரம். நல்ல வேட்டை தம்பி, எனக்கே மாட்டிய மாதிரி சந்தோஷமாக இருக்கிறது. இடது முன் டயரின் உள்பக்கத்தையும் ஒருமுறை டார்ச் அடித்துப் பார், படத்தில் ஒரு கீறல் நிழல் மாதிரி தெரிகிறது.

மார்ச் 16, இரவு

நிழல்தானா, சரி. டயரோடு ரிம்மும் புதிது என்பதால் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியதும் சக்கர நட்டுகளை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்கிப் பார். குறுக்கு நெடுக்காக, ஒன்றுக்கு எதிரில் இருக்கும் ஒன்றாக.